வெம்மை தாங்கும் பிரேக்குகள்

சுட்ட மண்ணாலான பொருள் என்றதும் நம் நினைவுக்கு வருவன பானையும் சட்டியும் பீங்கான் கிண்ணமுமே. கைதவறிக் கீழே விழுந்தால் அவை நொறுங்கிவிடும். அடுப்பில் காய்ந்த சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் காணும். ஆகவே, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து செல்லும் மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பினைச் செராமிக் என்னும் வெங்களிப் பொருளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், முதலில் வியப்பும், அடுத்து ஓர் அச்சமும் நமக்குத் தோன்றும். அவ்வச்சத்தில் உண்மை ஓரளவு உண்டு. அஃது எவ்வளவு என்பதையே இப்பாடத்தில் காணப்போகிறோம்.

பிரேக்கு வண்டியை நிறுத்துகிறது என்று நாம் சொல்லுகிறோம். பௌதிக நூலார் அவ்வாறு சொல்லி அமைதியடைவதில்லை. ஓடும் வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஆற்றலை அழிக்க எவராலும் இயலாது. வேறு உருவாக மாற்றவே இயலும். பிரேக்குச் செய்யும் வேலை அதுதான். வண்டியின் ஓட்டத்தை உராய்வினால் வெப்பமாக்கி, அவ்வெப்பத்தைக் காற்றிலே கலக்கச் செய்கிறது. நீண்ட சரிவொன்றில் மிதிவண்டியில் பிரேக்கைப் பிடித்தபடி இறங்கி வந்து, நின்றவுடன் சக்கர விளிம்பினைத் தொட்டுப் பார்த்த மாணவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து 1,500 கிலோகிராம் எடையுள்ள விளையாட்டுக் கார் ஒன்று மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 36 இலட்சம் ஜூல். அறை வெம்மையிலுள்ள பன்னிரண்டு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வெப்பம் போதும். எதிரே வளைவு ஒன்று வருகிறது. அதற்குள் வேகத்தை 100 கிலோமீட்டராகக் குறைத்தாக வேண்டும். வேகம் பாதிக்கு மேல் குறைகிறது. ஆனால், ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலின் நூற்றுக்கு எண்பத்து நான்கு பங்கு, அதாவது 30 இலட்சம் ஜூல், நான்கு விநாடிக்குள் வெளியேற வேண்டும். இதில் எதிர்க்காற்று ஒரு பங்கை ஏற்றுக்கொண்டாலும், எஞ்சியதெல்லாம் பிரேக்கின் தலையிலேயே விழுகிறது. குதிரைத்திறனாக எண்ணினால் இது ஆயிரத்தைத் தொடும். அவ்வண்டியின் எஞ்சினோ ஐந்நூறு குதிரைத்திறன் உடையது. வண்டியை ஓட்டும் பொறியைக் காட்டிலும் அதனை நிறுத்தும் பொறி இருமடங்கு வலியதாயிருத்தல் வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? கார் வாங்குவோர் எஞ்சினைப் பற்றியே வினவுவர். பிரேக்கைப் பற்றி வினவுவோர் அரியர்.

பழைய வண்டிகளில் உருளை வடிவான 'டிரம்' பிரேக்குகளே இருந்தன. உருளையின் உட்புறத்தில் இரண்டு கட்டைகள் விரிந்து அழுத்தும். வெப்பம் மிகுந்தால் உருளை விரிவடைந்து கட்டைகளை விட்டு விலகும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்புக் குறைந்துகொண்டே போகும். மூடிய உருளைக்குள் வெப்பம் வெளியேற வழியும் இல்லை. இக்குறையை நீக்க வந்ததே தட்டுப் பிரேக்கு. மெக்கானிக்குகள் 'டிஸ்க்' என்று வழங்கும் வார்ப்பிரும்புத் தட்டு ஒன்று சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். அதன் இருபுறமும் 'பேட்' எனப்படும் உராய்வுக் கட்டைகள் வந்து கவ்வும். தட்டு திறந்த வெளியில் சுழல்வதால் காற்று அதனைத் தடவிக் குளிர்விக்கிறது. 1953ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லெமான் நகரில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில் தட்டுப் பிரேக்குப் பூட்டிய ஜாகுவார் வண்டிகள் வென்றன. ஒவ்வொரு வளைவிலும் மற்றவர்கள் பிரேக்கை மிதித்த பின்னரும் அவை சற்று நேரம் முழு வேகத்திலேயே ஓடின. வெற்றி அதனால் வந்தது.

ஆயினும், வார்ப்பிரும்புக்கும் ஓர் எல்லை உண்டு. வண்டியிலுள்ள நான்கு தட்டுகளும் சேர்ந்து 40 கிலோகிராம் எடையுள்ளன என்று வைத்துக்கொண்டால், மேற்சொன்ன ஒரே ஓர் அழுத்தத்தில் அவற்றின் வெம்மை சராசரியாக 160 பாகை செல்சியஸ் உயர்ந்துவிடும். பிரேக்குப் போடும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், முன் தட்டுகள் இன்னும் மிகுதியாகவே சூடேறும். சாதாரணச் சாலையில் இதற்குப் பிறகு ஆறுவதற்கு அவகாசம் கிடைக்கும். பந்தயத் தடத்திலோ, ஆறுவதற்கு முன்னரே அடுத்த வளைவு வந்துவிடுகிறது. வெம்மை 500, 600 பாகை என ஏறும். தட்டு செந்நிறமாக ஒளிரும். சூடேறுவதும் ஆறுவதும் மாறி மாறி நிகழ்வதால் இரும்பில் நுண்ணிய விரிசல்கள் தோன்றும். காற்றோட்டத்திற்கென்று துளையிட்ட தட்டுகளில் இவ்விரிசல்கள் துளையிலிருந்து துளைக்குப் படரும்.

தட்டைவிட முன்னதாக வேறொன்று தோற்பதும் உண்டு. அதுவே பிரேக் ஆயில். மிதியிலிருந்து சக்கரத்திற்கு அழுத்தத்தைக் கொண்டுசெல்லும் இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் தரத்ததாயின், புதிதாய் ஊற்றியபோது அது 230 பாகைக்குக் குறையாமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பின்னரோ 155 பாகையில் கொதித்தாலும் அத்தரத்திற்குள் அடங்கியதாகவே கொள்ளப்படும். கொதித்தால் குழாயினுள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். ஓட்டுநர் மிதியை அழுத்த, அது தடையின்றித் தரையைத் தொட்டுவிடும். அந்நொடியில் அவருக்கு உதவ உலகில் மிகச் சிலவே உள. ஓட்டத்தடங்களில் நேரும் பிரேக்கு இழப்புகளில் பல, விலையுயர்ந்த தட்டினால் அல்லாமல், மாற்றப்படாத மலிவான ஆயிலினால் நேர்வனவே.

வெம்மைக்கு அஞ்சாத பொருள் ஒன்றைத் தேடிய அறிஞர்களுக்கு வழிகாட்டியது வானூர்தி. 1976ஆம் ஆண்டில் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கிய கன்கார்டு விமானத்தில் கரியிழையைக் கரியோடு பிணைத்துச் செய்த பிரேக்குகள் இருந்தன. அதே ஆண்டில் பிரபாம் என்னும் பார்முலா ஒன் அணியினர் இத்தகைய பிரேக்கினைப் பந்தய வண்டியிலும் பூட்டினர். கரி மிக இலேசானது. இரும்பு உருகும் வெம்மையிலும் உருகாது. எனினும், அதன்பால் இரண்டு குறைகள் இருந்தன. குளிர்ந்திருக்கும்போது அது சரியாகப் பிடிக்காது. சில நூறு பாகை சூடேறிய பின்னரே பிடிப்பு வரும். பந்தயத்தில் இது குற்றமன்று. ஆனால், காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு முதல் தெருமுனையில் குழந்தையொன்று குறுக்கே ஓடிவரும்போது, 'பிரேக்கு இன்னும் சூடேறவில்லை' என்று சொல்ல முடியுமா? தேய்மானமும் மிகுதி. எனவே சாலை வண்டிக்கு அது பொருந்தாது.

இவ்விடத்தில்தான் செராமிக் உதவிக்கு வந்தது. செருமனி நாட்டின் விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தினர், விண்கலங்களின் வெப்பக் கவசத்திற்காகக் கரியிழையும் சிலிக்கன் கார்பைடும் கலந்த பொருளொன்றை உருவாக்கியிருந்தனர். அதுவே பின்னர்ப் பிரேக்குத் தட்டாயிற்று. 2001ஆம் ஆண்டில் போர்ஷே நிறுவனத்தார் தங்கள் 911 ஜிடி2 வண்டியில் இத்தட்டுகளைக் கூடுதல் விலைக்கென்று ஒதுக்காமல் உடனுறுப்பாகவே அமைத்தனர். அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த பெராரி என்சோவிலும் செராமிக் தட்டுகளே இருந்தன.

இத்தட்டினைச் செய்யும் முறை குயவரின் தொழிலை ஒருபுறமும் கொல்லரின் தொழிலை மறுபுறமும் நினைவூட்டுவது. நறுக்கிய கரியிழைகளைப் பிசினோடு கலந்து அச்சில் இட்டு அழுத்துவர். காற்றுக் கூடங்களும் அப்போதே உள்ளே அமைந்துவிடும். பிறகு, உயிர்க்காற்றுப் புகாத சூளையில் ஏறத்தாழ 1,000 பாகை வெம்மையில் வைப்பர். காற்று இருந்தால் எரிந்து சாம்பலாகிவிடுமன்றோ? காற்றில்லாமையால் பிசின் கரியாக மாறி, பஞ்சுபோல நுண்துளைகள் நிறைந்த தட்டு கிடைக்கும். அதனை உருவம் திருத்தி, மீண்டும் வெற்றிடச் சூளையில் சிலிக்கனோடு சேர்த்து வைப்பர். சிலிக்கன் 1,414 பாகையில் உருகும். உருகிய சிலிக்கனை, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, அந்நுண்துளைகள் உள்ளிழுத்துக்கொள்ளும். ஆங்குக் கரியும் சிலிக்கனும் கூடிச் சிலிக்கன் கார்பைடு ஆகும். வைரத்திற்குச் சற்றே குறைந்த கடினமுடையது அப்பொருள். சாணைக்கல்லில் பயன்படுவதும் அதுவே. கடினத்தைச் செராமிக் அளிக்க, உடையாத தன்மையைக் கரியிழை அளிக்கிறது. களிமண் சுவரில் வைக்கோல் செய்யும் வேலையை இங்கு இழை செய்கிறது. இவ்வேலை முழுவதும் முடியப் பல நாள் ஆகும். வார்ப்பிரும்புத் தட்டோ ஒரே நாளில் வார்த்துக் கடைந்துவிடக் கூடியது. விலை வேறுபாட்டிற்குக் காரணம் வேறு தேட வேண்டுவதில்லை. 2022ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் 911 ஜிடி3 வண்டியில் இப்பிரேக்கினை விரும்பிக் கேட்டவர் 9,000 டாலருக்கு மேல் தனியே கொடுக்க வேண்டியிருந்தது.

கொடுத்த பணத்திற்குக் கிடைப்பது யாது? முதலாவது, எடைக் குறைவு. அதே அளவுள்ள இரும்புத் தட்டின் எடையில் இது ஏறக்குறைய பாதி. சக்கரத்தோடு சேர்ந்த எடை வில்லுகளின் கீழே தொங்குவது. மேடுபள்ளங்களில் அதனைத் தூக்கி இறக்கும் வேலை வில்லுக்கு மிகுதி. கனத்த காலணியோடு ஓடுபவனுக்கும் வெறுங்காலோடு ஓடுபவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு. இரண்டாவது, வெம்மையால் உருமாறாமை. மூன்றாவது, தேய்மானம் மிகக் குறைவு. சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு இத்தட்டுகள் வண்டியின் ஆயுள் முழுவதும் நிலைக்கலாம். துருவும் ஏறாது, சக்கரத்தில் கரிய தூசியும் படியாது.

ஆனால், நம் வினா சாலையைப் பற்றியதன்று. சொந்த வண்டியைப் பந்தயத் தடத்திற்குக் கொண்டுசென்று, போட்டியின்றித் தன் ஆசை தீர ஓட்டிப் பார்க்கும் வழக்கம் மேல்நாடுகளில் பரவியுள்ளது. அந்நாளை 'டிராக் டே' என்பர். இத்தகையோர் விரும்பிச் செல்லும் இடங்களுள் ஒன்று செருமனியிலுள்ள நூர்பர்க்ரிங். 1927ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இதன் வடக்குத் தடம் 20.8 கிலோமீட்டர் நீளமுடையது. ஐபல் மலைக் காடுகளினூடே எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகளோடு செல்வது. பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் இதற்குப் 'பச்சை நரகம்' என்று பெயரிட்டார். குறிப்பிட்ட நாள்களில் கட்டணம் செலுத்தி எவரும் இங்கே தம் வண்டியை ஓட்டலாம்.

இத்தடத்தின் உச்சிக்கும் பள்ளத்திற்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 300 மீட்டர். நம் 1,500 கிலோகிராம் வண்டி அவ்வுயரம் இறங்குமாயின் வெளிப்படும் ஆற்றல் 44 இலட்சம் ஜூல். 250 கிலோமீட்டர் வேகத்தில் அதனிடமிருந்த இயக்க ஆற்றலைவிட இது மிகுதி! 'நரிக்குழாய்' என்று பொருள்படும் புக்ஸ்ரோரே என்னும் இறக்கத்தில் வண்டி கிணற்றில் விழுவதுபோல விரைந்து செல்லும். அதன் மறுமுனையில் ஏற்றமும், உடனே பிரேக்கு வேண்டும் வளைவும் காத்திருக்கின்றன. பின்னர்ப் பிரைட்ஷைடு என்னும் தாழ்ந்த இடத்தை நோக்கி மீண்டும் இறக்கம். இறக்கத்தில் வளைவுகள் அடுத்தடுத்து வருவதால் பிரேக்கு ஆறுவதில்லை. அங்கே பிரேக்கு மறுத்தால், ஓரத்தில் இரும்பு வேலியும் அதற்கு அப்பால் மரங்களுமே உள்ளன.

இந்நிலையில் செராமிக் தட்டு எவ்வாறு நடந்துகொள்கிறது? பிடிப்பில் அது தளர்வதில்லை. முதல் வளைவிலும் ஐம்பதாவது வளைவிலும் மிதி ஒரே உணர்வைத் தரும். பெரிதும் பாராட்டத்தக்கது இக்குணம். ஆயினும், இலேசான பொருளாதலின், ஒரே பருமனுள்ள இரும்பு ஏற்கும் வெப்பத்தை அதனால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஒரு கிலோகிராமுக்கு அது இரும்பைவிட மிகுதியான வெப்பம் ஏற்கும் என்பது மெய். ஆனால் எடையே மூன்றில் ஒரு பங்குதான் அவ்விடத்தில் அடங்கும். ஆகவே தட்டினைப் பெரிதாகச் செய்ய நேர்கிறது. 2013ஆம் ஆண்டில் வந்த 911 ஜிடி3 வண்டியில் முன் இரும்புத் தட்டின் விட்டம் 380 மில்லிமீட்டர். செராமிக் தட்டின் விட்டமோ 410 மில்லிமீட்டர். அவ்வாறு செய்தும் தடத்தில் அது மிகுந்த வெம்மையை அடைகிறது. தட்டு அதனைத் தாங்கும். அருகிலுள்ள பேடும் ஆயிலும் தாங்குமா என்பதை ஓட்டுநரே கவனித்துக்கொள்ள வேண்டும்.

தட்டும் முற்றிலும் தப்புவதில்லை. காற்றில்லாச் சூளையில் பிறந்த பொருள், தடத்தில் காற்றின் நடுவே சூடேறுகிறது என்பதை நினைவில் வையுங்கள். சிலிக்கன் உட்புகுந்து ஆறிய காலத்தில், இழையும் செராமிக்கும் வெவ்வேறு அளவாகச் சுருங்கியதால், கண்ணுக்குப் புலப்படாத விரிசல்கள் தட்டினுள் பிறப்பிலேயே அமைந்துள்ளன. வெம்மை 400 பாகையைக் கடந்து செல்லச் செல்ல, அவ்விரிசல்களின் வழியே உயிர்க்காற்று உட்புகுந்து கரியிழைகளை மெல்ல எரிக்கிறது. புகை தெரியாது, சுடர் தெரியாது. தட்டின் பருமன் சற்றும் குறையாது. ஆனால், உள்ளே இழை கரைந்துகொண்டிருக்கும். நாளடைவில் மேற்பரப்பு சொரசொரப்பாகி, இழைகள் இருந்த இடத்தில் சிறு பள்ளங்கள் காணப்படும். கறையான் அரித்த உத்திரம் வெளியே வழுவழுப்பாய் இருப்பது நமக்குத் தெரிந்ததே.

இரும்புத் தட்டின் தேய்மானத்தைப் பருமனால் அளக்கலாம். செராமிக் தட்டினை நிறுத்துப் பார்க்க வேண்டும்! எவ்வளவு எடை குறைந்தால் அதனைக் கழித்துவிட வேண்டும் என்பது தட்டின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றித் துடைத்துத் தராசில் வைத்துப் பார்ப்பது பழைய முறை. மின்தூண்டலால் உள்ளேயுள்ள கரியின் அளவை அறியும் கருவிகளும் பணிமனைகளில் உண்டு. கண்ணால் பார்த்து 'புதிதாகவே இருக்கிறது' என்று சொல்லும் விற்பனையாளரின் சொல்லை நம்பிப் பழைய வண்டியை வாங்குபவர், பின்னர் நான்கு தட்டுகளின் விலையைக் கேட்டுத் திகைக்க நேரும்.

இதனால் ஒரு முரண் விளைந்துள்ளது. சாலையில் வண்டியின் ஆயுளளவு நிலைக்கும் தட்டு, அடிக்கடி தடத்தில் ஓட்டுபவரிடம் சில பருவங்களிலேயே தன் எடை எல்லையை எட்டிவிடக்கூடும். இரும்புத் தட்டும் தடத்தில் விரைவில் அழியும், அதற்குச் சந்தேகமில்லை. ஆனால் அதனை மாற்றும் செலவு செராமிக்குக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே. உலகெங்கும் ஓடும் ஜிடி3 வகுப்புப் பந்தய வண்டிகளில் இரும்புத் தட்டுகளே பூட்டப்பட்டுள்ளன என்பதும் எண்ணத்தக்கது. அங்கே விதியும் செலவும் ஒரே பக்கம் நிற்கின்றன. ஆண்டில் ஓரிரு முறை தடத்திற்குச் செல்பவருக்குச் செராமிக் மிக நன்று என்பதும், மாதந்தோறும் செல்பவருக்கு இரும்பே ஏற்றது என்பதும் என் கருத்து. நீண்ட இழைகளை நெய்து செய்யும் புதுவகைத் தட்டுகள் வெப்பத்தை விரைந்து கடத்துகின்றன. தேய்ந்த மேற்பரப்பைத் தீட்டி மீண்டும் பயன்படுத்தவும் அவற்றில் இடமுண்டு. அவை பரவினால் இக்கருத்தை நான் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எவ்வகைத் தட்டாயினும், தடத்தில் ஓட்டுவோர் கைக்கொள்ளும் வழக்கங்கள் சில உள்ளன. இறுதிச் சுற்றில் பிரேக்கை இயன்றவரை தொடாமல் மெதுவாக ஓட்டி, காற்றினால் அதனை ஆற்றுவர். வந்து நின்றதும் கைப்பிரேக்கை இழுக்கமாட்டார். சக்கரத்திற்குக் கட்டை வைப்பர். சூடான தட்டின் ஒரே இடத்தைப் பேட் அழுத்திக்கொண்டிருந்தால் அவ்விடத்தில் அதன் பொருள் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு சுழற்சியிலும் மிதி அதிரும். செராமிக் தட்டுள்ள வண்டியில் சக்கரம் மாற்றும்போது இன்னும் ஒரு கவனம் வேண்டும். கனத்த சக்கரத்தைத் தூக்கி மாட்டுகையில் அது தட்டின் ஓரத்தில் இடித்தால், பீங்கான் கோப்பையின் விளிம்புபோல ஒரு சில்லு பெயர்ந்துவிடும். அதனைத் தடுப்பதற்கென்றே நீண்ட முளைகளை வண்டியோடு கொடுக்கிறார்கள். அவற்றைத் திருகி, சக்கரத்தை அவற்றின்மேல் வழுக்கிச் செலுத்த வேண்டும்.

செராமிக் பிரேக்கோடு வண்டி வாங்கிய சிலர் வேறொன்று செய்கின்றனர். வாங்கிய சில நாளிலேயே அத்தட்டுகளைக் கழற்றி, துணியில் சுற்றிப் பெட்டியிலிட்டு வீட்டில் வைத்துவிடுகின்றனர். இரும்புத் தட்டுகளையும் அவற்றிற்குரிய பேடுகளையும் பூட்டித் தடத்திற்குச் செல்கின்றனர். பல ஆண்டுகளுக்குப் பின், வண்டியை விற்கும் நாளில்தான் அப்பெட்டி மீண்டும் திறக்கப்படுகிறது.